தடைக்காலத்துச் சாவு

ஜெரிக்கோ மேஸின் அப்பா செத்துப்போனது ஜூலை மாதத் தடைக்காலத்தில். அந்த நாட்களில், தன் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் பிடிக்கும் எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் பள்ளிக்கூடப் பையன் எவனையும் நேரில் சந்திக்கக் கூடாது. அவன் வீட்டாரோடும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. தெருவில் எதிரே வந்துவிட்டால் தலையை அசைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி அது. மிசிசிப்பியில் பெட்ரோல் போட நிற்கிறவனுக்குக்கூட இந்த விதி தெரியும்.

ராய்ஸ் டென்லிக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். டால்ட்ரி கல்லூரி அணியின் தடுப்பு வரிசைக்கு அவன்தான் பயிற்சியாளன். ஜெரிக்கோவை அவன் பத்தாம் வகுப்பிலிருந்து கவனித்து வந்தான். தலைக்கவசம் மாட்டினால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம். கழற்றினால் குழந்தை முகம். அனுமதி இருந்த மாதங்களில் ராய்ஸ் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பான். பையனின் அப்பா கிளீட்டஸ் கெளுத்தி மீன் ஆலையில் வேலை பார்த்தவர். மகனுடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். டாமினோ கட்டைகளை எடுத்து வைத்து, "ஆடத் தெரியுமா, இல்ல ஆட்டம் காட்டத்தான் தெரியுமா?" என்பார். ராய்ஸ் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆலையில் கையுறையை மாட்டிக்கொண்டே அவர் சரிந்து விழுந்தார் என்று செய்தி வந்தபோது, ராய்ஸ் மைதானத்து ஓரத்தில் வெயிலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

தலைமைப் பயிற்சியாளர் டோயல் ஸ்ட்ரிக்லண்ட் அவனை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாராவது போகணும்டா," என்றார்.

"தடைக்காலம் கோச்."

"செத்தவனுக்குத் தெரியுமா அது? இந்த ஊர்ல சாவுக்கு வராதவன எவனும் மறக்கமாட்டான். நீ போய்ப் பின் பெஞ்சுல உக்காரு. பாட்டு முடிஞ்சதும் கெளம்பிடு. நான் போனா பின்னாடியே கேமரா வரும். நீ எனக்காகப் போற, அவ்வளவுதான். பையனோட அம்மா வெர்னெல்கிட்ட நானே ஃபோன்ல சொல்லிடறேன்."

"நம்ம காலேஜ் விதிமுறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"நான் பாத்துக்கறேன்."

அதற்குமேல் ராய்ஸ் கேட்கவில்லை. இருபத்தொரு வயதில் டால்ட்ரிக்காக ஆடி அவன் முழங்கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இதே மனிதர் இதே இரண்டு வார்த்தைகளைத்தான் சொன்னார். பார்த்துக்கொண்டார். படிப்பு முடியும்வரை உதவித்தொகை நிற்கவில்லை. முடிந்ததும் கையில் ஒரு விசிலைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றார். அன்றிலிருந்து ராய்ஸ் அவரிடம் எதற்கும் காரணம் கேட்டதில்லை.

அடக்க நாளன்று மனைவி நோரீன் மக்ரோனியும் சீஸும் வேகவைத்த பெரிய தட்டு ஒன்றை அலுமினியத் தாளால் மூடி அவன் கையில் திணித்தாள். "வெறுங்கையோடயா போவ?" என்றாள். ஒரு தட்டு உணவும் விதிப்படி குற்றந்தான். அவன் அதைச் சொல்ல வாய் எடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

தேவாலயத்துக்கு எதிரே, சாலையோர மரத்தடியில், கார்வெல் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளன் டிப்டன் காரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். அவர்களுக்கும் ஜெரிக்கோ மேல் கண். கார்வெல் பெரிய இடம். அவர்களுடைய ஆட்டம் சனிக்கிழமை மாலைகளில் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடும். டிப்டன் ஜன்னலை இறக்கினான்.

"என்ன டென்லி, ஞானஸ்நானம் வாங்கவா வந்த?"

"நீ உள்ள வரலியா?"

"தடைக்காலம்ப்பா! நாங்க யாரையும் பாக்கல. சும்மா ஏசி வாங்கிட்டு உக்காந்திருக்கோம். தட்டுல என்ன அது? சூடு ஆறறதுக்குள்ள இங்க கொஞ்சம் வச்சுட்டுப் போயேன்."

"செத்தவரு வீட்டுச் சோத்துல பங்கு கேக்கறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கத்தப் பாத்தா இந்த வேலைல இருக்க முடியுமா?" டிப்டன் சிரித்தபடி ஜன்னலை ஏற்றிக்கொண்டான்.

ராய்ஸ் படியேறும்போது திரும்பிப் பார்த்தான். கிளீட்டஸின் தம்பி ரேண்டல், கறுப்புக் கோட்டோடு, சாலையைக் கடந்து போய் அந்தக் காரின் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தான்.

ராய்ஸ் பின் பெஞ்சில்தான் உட்கார்ந்தான். ஆனால் அந்தச் சனங்களின் வழக்கத்தில் பின் பெஞ்சுக்காரனும் வரிசையில் வந்து சவப்பெட்டியைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். பெட்டியருகே நின்றிருந்த ஜெரிக்கோ நிமிர்ந்து பார்த்தான். ஒரு எட்டு முன்னால் வந்து ராய்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது. விதிப்படி ராய்ஸ் விலகியிருக்க வேண்டும். அவன் விலகவில்லை. பிறகு பல மாதங்கள் அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். விலகியிருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. சவ ஊர்திக்காரர்கள் கொண்டுவந்த குடும்பக் கார் சேற்றில் புதைந்து சக்கரம் சுற்றியது. வெர்னெல் மேஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றாள். ராய்ஸ் தன் காரின் கதவைத் திறந்துவிட்டான். தாயையும் மகனையும் ஏற்றிக்கொண்டு, சாப்பாடு போட்டிருந்த தேவாலயக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். இறங்கும்போது வெர்னெல், "உங்க கோச் நேத்து கூப்பிட்டாரு. தனக்கு பதிலா உங்கள அனுப்பறதா சொன்னாரு. அவருக்கு என் நன்றிய சொல்லிடுங்க," என்றாள்.

இரண்டாம் நாள் ஒரு புகைப்படம் ஊரெல்லாம் சுற்றியது. மேஸ் வீட்டு உறவுப் பெண் யாரோ சாவு வீட்டுப் படங்களை இணையத்தில் போட்டிருந்தாள். அதில் ஒன்று, பெட்டிக்கு முன்னால் ராய்ஸும் ஜெரிக்கோவும் கட்டிக்கொண்டு நிற்பது. கார்வெல் ரசிகர்கள் அதை எடுத்துப் பெரிதாக்கி, ராய்ஸின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "டால்ட்ரிக்குப் பிணத்து மேலயும் வலை வீசத் தெரியும்," என்று எழுதியிருந்தார்கள்.

ஸ்ட்ரிக்லண்ட் பதறவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

"நாமளே சொல்லிடுவோம்," என்றார். "அவங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளா சொல்லிட்டா, விரல்ல லேசா ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடுவாங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். எல்லாக் கல்லூரிகளும் அப்படித்தான் செய்யும். தன்மேல் தானே புகார் சொல்லிக்கொள்வது இந்தத் தொழிலின் பழக்கம். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு கூடக் கொடுத்துவிட்டோம், தப்பான நாளில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோம் என்று மாதாமாதம் சங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சங்கமும் சரி, ஒரு வாரம் எந்தப் பையனையும் தொலைபேசியில் கூப்பிடாதே என்று சொல்லிவிடும். யார் அதிகம் ஒப்புக்கொள்கிறார்களோ அவர்கள் நல்லவர்கள் என்று பெயர்.

"ஆனா ஒண்ணு," ஸ்ட்ரிக்லண்ட் குரலைத் தாழ்த்தினார். "நான் அனுப்பினேன்னு வந்தா அது மொத்த அணியோட குற்றமாயிடும். நம்ம பசங்க சீசன் முடிவு ஆட்டத்துக்குப் போக முடியாது. நீயா போனேன்னு சொல்லு. ஒரு தனி மனுஷன், துக்கம் தாங்காம போயிட்டான். யாரு அதப் போயி பெருசாக்கப் போறா?"

ராய்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மைதானத்தில் யாரோ புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒருவேளை பெருசாக்கினா?"

"அப்ப நான் எழுந்து நின்னு உண்மைய சொல்றேன். உன்னைய விட்டுட்டு ஓடறவனாடா நான்?"

சங்கத்தின் விசாரணை அதிகாரி மிஸ் ஃபிஞ்சுக்கு அங்கேயே, ஒலிபெருக்கியில் போட்டு, தொலைபேசியில் சொன்னார்கள். மென்மையான குரல் அவளுக்கு. தட்டில் என்ன இருந்தது என்பதுவரை கேட்டாள். எல்லாவற்றுக்கும் ராய்ஸ் உள்ளது உள்ளபடி பதில் சொன்னான். கடைசியில் அவள் கேட்டாள்: "யாராவது போகச் சொல்லிப் போனீங்களா மிஸ்டர் டென்லி?"

"இல்ல மேடம். நானாத்தான் போனேன்."

இணைப்பு அறுந்ததும் ஸ்ட்ரிக்லண்ட் அவன் பிடரியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். சின்ன வயதில் அவன் எதிராளியை வீழ்த்திவிட்டு வரும்போது செய்வதைப் போல.

அது பெரிதாயிற்று.

ஆகஸ்டில் பத்திரிகை ஒன்று கார்வெல்லைப் பற்றி எழுதியது. மீன் ஆலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ரேண்டல் மேஸுக்குக் கார்வெல் பழைய மாணவர் ஒருவரின் கார் விற்பனை நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் வீட்டு வாசலில் புத்தம் புதிய பிக்கப் வண்டி நிற்கிறது. இப்படியே வேறு நாலு பையன்களின் சொந்தக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. ஊரே கொதித்தது. சங்கம் விசாரிப்பதாக அறிவித்தது. கார்வெல்லின் வக்கீல்கள் ஒரு வரி பதில் கொடுத்தார்கள்: எங்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. பழைய மாணவர் பேச மறுத்தார். ரேண்டலும் மற்றச் சொந்தக்காரர்களும் பேச மறுத்தார்கள். பேச வைக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அது போலீஸ் இல்லை. செப்டம்பரில், போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் இந்த வருஷம் யாரையாவது தண்டித்தாக வேண்டும் என்று சங்கத்துக்கு ஆகிவிட்டது. டால்ட்ரியின் வழக்கு மேஜைமேல் தயாராக இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன கல்லூரி. படம் இருக்கிறது. ஒப்புதல் இருக்கிறது. நேர்ச் சந்திப்பு, உணவு, இலவச வாகனப் பயணம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பெரிய குற்றம் என்று வகைப்படுத்தினார்கள். டால்ட்ரி ஜெரிக்கோவை இனி அணுகவே கூடாது என்று முதலில் ஒரு உத்தரவு வந்தது. நவம்பரில் விசாரணைக் குழுவின் முன் வரும்படி ராய்ஸுக்கும் ஸ்ட்ரிக்லண்டுக்கும் அழைப்பு வந்தது.

"அந்த ஆளு சொல்லுவாரா?" நோரீன் கேட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுவாரு."

"சொல்லலன்னா?"

"அவரு சொல்லாம நான் சொன்னா, ஃபிஞ்சுகிட்ட பொய் சொன்னதா ஆகும். சங்கத்துகிட்ட பொய் சொல்றது சாவு வீட்டுக்குப் போனத விடப் பெரிய குத்தம். நான் சொல்ல முடியாது நோரீன். அவருதான் சொல்லணும்."

"நல்லாத்தான் கட்டிப் போட்டிருக்காரு உன்ன."

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல."

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

விசாரணை மெம்ஃபிஸில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, வெள்ளைத் துணி, ஐஸ் மிதக்கும் தண்ணீர்க் கூஜாக்கள். குழுவில் ஏழு பேர். எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். தலைவியாக இருந்த வயதான அம்மாள் வேறொரு மாநிலத்தில் சட்டம் சொல்லிக்கொடுப்பவராம். அவர் ராய்ஸிடம் மழையைப் பற்றிக் கேட்டார். அந்த வழியாக வேறு வண்டி எதுவும் வந்திருக்காதா என்று கேட்டார். மக்ரோனித் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்களா என்றுகூட ஒருவர் கேட்டார். கார்வெல் கார் வெளியே நின்றதை ராய்ஸ் சொன்னான். அது வேறு விஷயம் என்றார்கள்.

பிறகு தலைவி ஸ்ட்ரிக்லண்ட் பக்கம் திரும்பினார்.

"கோச், மிஸ்டர் டென்லி அங்க போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஸ்ட்ரிக்லண்ட் கண்ணாடித் தம்ளரை எடுத்தார். தண்ணீரைக் குடித்தார். ஐஸ் கட்டிகள் கண்ணாடியில் இடிக்கும் சத்தம் ராய்ஸுக்குக் கேட்டது. தம்ளரை வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ, சொல்லப் போகிறார் என்று ராய்ஸ் நினைத்தான். மனத்துக்குள் அவருக்காக வாக்கியத்தைக்கூடத் தொடங்கி வைத்தான்.

"தெரியாது மேடம்," என்றார் ஸ்ட்ரிக்லண்ட். "தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன். ராய்ஸ் நல்ல மனசுக்காரன். என் சொந்தத் தம்பி மாதிரி. அன்னைக்கு விதிய மறந்துட்டு மனசு சொன்னதக் கேட்டுட்டான். அதுக்காக நான் வருத்தப்படறேன்."

அறையில் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

"நீங்க எதாவது சொல்ல விரும்பறீங்களா மிஸ்டர் டென்லி?"

ராய்ஸ் வெள்ளைத் துணியில் தண்ணீர் சொட்டி நனைந்திருந்த ஓர் இடத்தைப் பார்த்தான். அது மெல்ல அகலமாகிக்கொண்டு போனது. தலைவி ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"இல்ல மேடம்," என்றான்.

இருவரும் ஒரே காரில் வந்திருந்தார்கள். ஒரே காரில்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஸ்ட்ரிக்லண்ட் ஓட்டினார். பஞ்சு பறித்து முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் பழுப்பாகக் கிடந்தன. வெகுதூரம் வரை இருவரும் பேசவில்லை. வேறு நாட்களில் அந்த மௌனம் ராய்ஸுக்குப் பிடித்தமானது. ஆட்டம் முடிந்து எத்தனையோ இரவுகள் அப்படியே வந்திருக்கிறார்கள். இப்போது அதில் உட்கார்ந்திருப்பது மற்றவர் வீட்டில் கேட்காமல் நுழைந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, உள்ளே போய், ஸ்ட்ரிக்லண்ட் பொரித்த கோழியும் அவித்த வேர்க்கடலையும் வாங்கிவந்தார். கடலைப் பொட்டலத்தை ராய்ஸின் மடியில் வைத்தார்.

"ரெண்டு வருஷம் தடை போடுவாங்க," என்றார். "ஜாஸ்தி போனா. கண்ண மூடித் திறந்தா ஓடிடும். நான் எந்த நாற்காலில உக்காந்திருந்தாலும் பக்கத்து நாற்காலி உனக்குத்தான்."

ராய்ஸ் பொட்டலத்தைத் திறக்கவில்லை.

"சொல்றதா சொன்னீங்க கோச்."

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் மூழ்கியிருப்போம். ஒருத்தன் கரையில இருந்தாத்தானே இன்னொருத்தனுக்குக் கை கொடுக்க முடியும்?"

"எனக்கு நீங்க கை கொடுக்க வேண்டாம். எழுந்து நின்னிருந்தாப் போதும்."

ஸ்ட்ரிக்லண்ட் கோழித் துண்டைக் கடித்தபடி முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னும் இந்தத் தொழில் புரியலடா," என்றார். அதில் கோபம் இல்லை. வருத்தம்கூட இருந்தது போலிருந்தது. அதுதான் ராய்ஸுக்குத் தாங்கவில்லை.

தீர்ப்பு வந்தது. ராய்ஸுக்கு இரண்டு வருடத் தடை. அந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியும் அவனை வேலைக்கு வைக்கக் கூடாது. ஸ்ட்ரிக்லண்ட் மேல் குற்றம் எதுவும் காணப்படவில்லை. டால்ட்ரி அன்றைக்கே ராய்ஸை வேலையிலிருந்து எடுத்தது. அவன் அறையைக் காலி செய்யப் போனபோது தடுப்பு வரிசைப் பையன்கள் நடைவழியில் சுவரோரமாக நின்றார்கள். வழக்கமாக வாய் ஓயாத மொபேர்லி என்ற பையன் மட்டும், "இனிமே எங்கள யாரு கோச் கெட்ட வார்த்தைல திட்டுவா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, தேவாலயம் விட்ட நேரத்துக்குப் பிறகு, வெர்னெல் மேஸின் பழைய கார் ராய்ஸின் வீட்டு முன் வந்து நின்றது. தொப்பியும் கையுறையும் அணிந்திருந்தாள். நோரீன் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. முன்புறத் தாழ்வாரத்திலேயே நின்றாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது கோச். ஜெரிக்கோ கார்வெல்லுக்குப் போறான். நாளைக்கு டிவியில வரும். அதுல பாத்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

ராய்ஸ் தலையசைத்தான். எதிர்பார்த்ததுதான்.

"ரேண்டலோட வண்டி நல்லா ஓடுதா மிஸ் வெர்னெல்?"

அவள் முகம் சுண்டிப் போயிற்று. "அந்த வண்டில நான் இன்னும் கால் வைக்கல. கிளீட்டஸ் இருந்திருந்தா அத ஆத்துல தள்ளியிருப்பாரு. ஆனா அவரு இல்லையே. ஆலைல ஆளக் குறைக்கறாங்க. அவன் படிக்கணும், ஆடணும். உங்ககிட்ட வரக்கூடாதுன்னு சங்கமே சொல்லிடுச்சு. வேற யாரு வீட்டுக்கு அனுப்புவேன், சொல்லுங்க?" கொஞ்சம் நிறுத்தினாள். "அதோட, தெரிஞ்ச முகம் ஒண்ணு அங்க இருக்கும். உங்க கோச்சும் அங்கதானே போறாரு."

ராய்ஸ் அவளையே பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரல் இறங்கியது. "கடவுளே. கார்வெல்ல பழைய கோச்ச அனுப்பிட்டு இவரத்தான் எடுக்கறாங்க. அதுவும் நாளைக்கு அறிவிப்பாங்க. நான் உங்களுக்கு எப்பவோ தெரியும்னுல்ல நெனச்சேன்."

"அவரு எப்ப சொன்னாரு உங்ககிட்ட?"

"அக்டோபர்ல. தோட்டத்துல சர்க்கரைவள்ளி தோண்டிட்டிருந்தேன். ஃபோன் வந்துது. ஊர்ல யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு. நான் போற எடத்துக்கு ஜெரிக்கோவும் வரட்டும்னாரு."

அக்டோபர். மெம்ஃபிஸ் விசாரணை நவம்பரில். ராய்ஸ் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான். அந்தத் தண்ணீர்த் தம்ளர், அந்தத் தயக்கம், ஒரு மனிதன் தன் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறான் என்று அவன் நினைத்துக்கொண்ட அந்த நேரம், எல்லாம் இப்போது வேறாகத் தெரிந்தது. மல்லுக்கட்டு ஏதும் இல்லை. கார்வெல்லுக்குக் கறை படாத ஆள் வேண்டும். அவருக்குத் தாகமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"மிஸ் வெர்னெல்," என்றான். "அடக்கத்துக்கு முந்தின நாள் அவரு உங்கள ஃபோன்ல கூப்பிட்டாரு. என்னைய அனுப்பறதா சொன்னாரு."

"ஆமா."

"உங்களத் தவிர அது யாருக்கும் தெரியாது."

"தெரியும். அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்." அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் அத எங்கயும் சொல்லப் போறதில்ல கோச். சொன்னா அவரு போயிடுவாரு, அவரோட என் பையன் வாழ்க்கையும் போயிடும். என் புருஷன் பெட்டி பக்கத்துல என் பிள்ளையத் தாங்கிப் பிடிச்சவரு நீங்க. உங்களுக்கு நான் இதப் பண்றேன். முகத்தப் பாத்து சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டா இன்னும் கேவலம்னு வந்தேன்."

"முகத்தப் பாத்து சொன்னா கேவலம் கொறஞ்சுடுமா?"

"கொறையல," என்றாள் வெர்னெல். "வண்டி ஓட்டிட்டு வர்றப்ப கொறையும்னு நெனச்சேன்."

அவள் படியிறங்கிப் போனாள். கார் ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நோரீன் வெளியே வந்தாள்.

"அந்த ஆளு உன்ன வித்துட்டான் ராய்ஸ்."

"அவரு மட்டுமா?"

மறுநாள் பிற்பகல் தொலைக்காட்சியில் டோயல் ஸ்ட்ரிக்லண்ட் கார்வெல்லின் தொப்பியை அணிந்து சிரித்தார். நேர்மையாக அணி நடத்துகிறவர் என்று பல்கலைக்கழகத் தலைவர் அவரை அறிமுகப்படுத்தினார். டால்ட்ரியில் சோதனையான ஒரு காலத்தில் எதையும் மறைக்காமல் சங்கத்தோடு ஒத்துழைத்தவர் என்றும் சொன்னார். நோரீன் சத்தத்தைக் குறைத்தாள். ராய்ஸ் அந்த வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் மிஸ் ஃபிஞ்சின் எண்ணை அழுத்தினான்.

"உங்க வழக்கு முடிஞ்சிருச்சே மிஸ்டர் டென்லி," என்றது மென்மையான குரல்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தச் சாவுக்கு என்னை அனுப்பினது ஸ்ட்ரிக்லண்ட். நானும் போக விரும்பினேன். ஆனா அனுப்பினது அவரு."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"இத வேற யாராவது உறுதி பண்ணுவாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே இலை உதிர்ந்த பீக்கன் மரம் அசையாமல் நின்றது. ஒரு பெயர் சொன்னால் போதும். அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவள் பேச மறுக்கலாம், எல்லோரும் மறுத்தது போல. மறுக்காமலும் போகலாம், வெர்னெல் மேஸால் ஒரு கேள்விக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் யாரும் கேட்பதற்கு முன்பே வந்து அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். கோபம் நெஞ்சு வரைக்கும் வந்தது. பெயர் நாக்கில் நின்றது. அவன் அதை வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தான்.

"மிஸ்டர் டென்லி? இருக்கீங்களா?"

"இருக்கேன். யாரும் இல்ல."

"அப்படின்னா எங்க கைக்கு வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க எங்ககிட்ட பொய் சொன்னீங்கங்கறது. அது தனிக் குற்றம். ரெண்டு வருஷம் அஞ்சாகும். அவருக்கு ஒண்ணும் ஆகாது." அவள் தயங்கினாள். "எனக்கும் இது நல்லா இல்ல. கார்வெல் விஷயத்துலயும் எங்களுக்குப் பேச ஆள் கிடைக்கல."

"பேசறவங்களத்தான் நீங்க பிடிக்கறீங்க மேடம்."

இருவருக்கும் நடுவே கம்பியில் லேசான இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "இந்த ஃபோன் வரவே இல்லன்னு நான் வச்சுக்கலாம்," என்றாள். "ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடலாம் நீங்க. யோசிச்சு சொல்லுங்க. நான் எழுதிக்கவா, வேண்டாமா?"

கூடத்தில் நோரீன் தொலைக்காட்சியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எழுதிக்குங்க," என்றான் ராய்ஸ்.

அவள் தட்டெழுதத் தொடங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.